பெயர் சூட்டிக் கொல்லுதல்: அல் ஜசீராவும் அதன் செய்தியாளர்களும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இந்தக் கூட்டத்தின் தலைப்பைச் சொன்னவுடனே தோழர் ஒருத்தர் என்கிட்ட கேட்டார்: 'அது கத்தார் ஷேக் காசுல நடக்குற டி.வி. அதுக்கு நாம எதுக்குக் கூட்டம் போடணும்? நம்ம சேரியில நடக்கிறதைப் பேசவே நேரம் பத்தலையே.' நியாயமான கேள்விதான். அதைத் தட்டிக்கழிக்காமல் அதிலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அல் ஜசீரா யாருடைய காசில் நடக்கிறது என்பது ஒரு கேள்வி. அதன் செய்தியாளர்கள் யார் கையால், ஏன் சாகிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் யாருக்கு லாபம் என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் அந்தச் சேனல் எப்படி வந்தது என்று பார்ப்போம். 1990களின் நடுப்பகுதிவரை அரபு நாடுகளில் தொலைக்காட்சிச் செய்தி என்றால் பெரும்பாலும் அரசுச் செய்திதான். மன்னர் இன்று யாரை வரவேற்றார், அதிபர் எந்தக் கட்டடத்தைத் திறந்தார், இவ்வளவுதான் செய்தி. 1994இல் பி.பி.சி., சவூதி முதலாளிகளின் ஆர்பிட் நிறுவனத்தோடு சேர்ந்து அரபு மொழித் தொலைக்காட்சி ஒன்றைத் தொடங்கியது. சவூதியில் நிறைவேற்றப்படும் மரணதண்டனைகள் பற்றிய நிகழ்ச்சியொன்று 1996 ஏப்ரலில் ஒளிபரப்பானது. ஆர்பிட் உடனே விலகிக்கொண்டது. சேனலை இழுத்து மூடிவிட்டார்கள். காசு போட்டவனின் தலையைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஒரு பாடம்.

அப்படி வேலையிழந்த செய்தியாளர்களில் பலரை கத்தார் கூப்பிட்டுக்கொண்டது. 1995இல் சொந்தத் தகப்பனையே பதவியிலிருந்து இறக்கிவிட்டு ஆட்சிக்கு வந்தவர் ஷேக் ஹமத் பின் கலீஃபா அல் தானி. சவூதியின் நிழலிலிருந்து விலகித் தனக்கென்று ஒரு இடம் தேடிக்கொண்டிருந்த அவர், ஐந்தாண்டுச் செலவுக்கென்று 50 கோடி ரியால் கொடுத்தார். 1996 நவம்பர் 1 அன்று தோஹாவில் அல் ஜசீரா தொடங்கியது. ஜசீரா என்றால் தீவு; அரபுத் தீபகற்பத்தையும் குறிக்கும். 'கருத்தும் மாற்றுக் கருத்தும்' என்பது அதன் முழக்கம். ஐந்தாண்டில் சொந்தக் காலில் நிற்கும் என்று கணக்குப் போட்டார்கள். நிற்கவில்லை. சவூதியைப் பகைத்துக்கொண்ட சேனலுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய கம்பெனிகள் விளம்பரம் கொடுக்கவில்லை. அதனால் இன்றுவரை கத்தார் அரசின் பணம்தான் அதற்கு ஆதாரம்.

ஆனால் அந்தப் பணத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்கணும். நாடு கடத்தப்பட்டவர்கள், சிறையிலிருந்து வந்தவர்கள், ஒரே மேசையில் மன்னராட்சியை ஆதரிக்கிறவரும் எதிர்க்கிறவரும் என்று எல்லாரும் பேசினார்கள். ஃபைசல் அல் காசிம் நடத்திய 'எதிர்த் திசை' நிகழ்ச்சியில் ஆட்கள் கத்திக்கொண்டு எழுந்து வெளியே போவார்கள். பார்க்கிறவர்கள் வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசினார்கள். அதுவரை அரபு வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய பேச்சு அது. 1999 சனவரியில் அல்ஜீரியாவின் உள்நாட்டுப் படுகொலைகள் பற்றி ஒரு விவாதம் நடந்தபோது, சனங்கள் பார்க்கக்கூடாதென்று அரசு நகரங்களில் மின்சாரத்தையே நிறுத்தியது என்று செய்தி வந்தது. அரபு அரசுகள் மாறிமாறி அதன் அலுவலகங்களை மூடின, தூதர்களைத் திரும்ப அழைத்தன. இஸ்ரேல் அதிகாரிகளையும் அரபுத் திரையில் பேசவிட்டதால் அது இஸ்ரேல் உளவாளி என்றார்கள். பின்லேடன் நாடாவை ஒளிபரப்பியதால் அமெரிக்கா அதைப் பயங்கரவாதிகளின் ஊதுகுழல் என்றது. ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். இந்தப் பெயர் வைக்கிற விசயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்ப வருகிறேன்.

இப்போது தோழரின் கேள்வி. இது சுதந்திர ஊடகமா? எல்லாரையும் கேள்வி கேட்கும் இந்தச் சேனல் சொந்த வீட்டைக் கேள்வி கேட்குமா?

கேட்பது குறைவுதான். மறைக்க வேண்டியதில்லை. மன்னராட்சியை விமர்சித்துக் கவிதை சொன்னதற்காக முகமது அல் அஜாமி என்ற கத்தார் கவிஞருக்கு 2012இல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். பிறகு அது 15 ஆண்டாகக் குறைந்து, 2016இல் மன்னிப்பில் வெளியே வந்தார். 2011இல் எகிப்து எழுச்சியை இரவு பகலாகக் காட்டிய அரபுச் சேனல், பக்கத்திலிருந்த பஹ்ரைன் எழுச்சிக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை என்ற விமர்சனம் கடுமையாக எழுந்தது. எகிப்தில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று சொல்லி 2013இல் அதன் ஊழியர்கள் பலரே விலகினார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று இருக்கிறது. கத்தாரில் வசிக்கிறவர்களில் மிகப் பெரும்பான்மை வெளிநாட்டிலிருந்து வேலைக்குப் போனவர்கள். நம்ம ஊர்களிலிருந்து போனவர்களும் அதில் இருக்கிறார்கள். முதலாளி அனுமதி இல்லாமல் வேலை மாற முடியாது, நாட்டைவிட்டுக் கிளம்ப முடியாது என்றிருந்த கஃபாலா முறையை உலகம் முழுக்கக் கண்டித்த பிறகு, 2020 வாக்கில்தான் அந்தச் சட்டங்களை மாற்றினார்கள். மாற்றிய பிறகும் என்ன நடந்தது? மால்கம் பிடாலி என்ற கென்ய நாட்டுக் காவலாளி, தன்னைப் போன்ற தொழிலாளர்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதியதற்காக 2021 மே மாதம் கைது செய்யப்பட்டார். தனிமைச் சிறையில் வைத்தார்கள். 25,000 ரியால் அபராதம் போட்டார்கள். அந்த வாட்ச்மேனும் ஒரு செய்தியாளர்தான். அல் ஜசீராவின் ஆங்கிலச் சேனலில் தொழிலாளர் பற்றிய செய்திகள் சில வந்ததுண்டு. ஆனால் அந்த நாட்டின் அடித்தளத்தில் உழைக்கிறவனின் சேனலாக அது இல்லை. இதைச் சொல்லாமல் அல் ஜசீராவைப் புகழ்ந்தால் நாம் பொய் சொல்கிறவர்களாகிவிடுவோம்.

சரி, அப்படியானால் விட்டுவிடலாமா? இந்த இடத்தில் நம்முடைய வரலாற்றிலிருந்து ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். 1920 சனவரி 31 அன்று பாபாசாகேப் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது 2,500 ரூபாய் கொடுத்து உதவியவர் கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா. நம்ம குரலுக்கும் முதல் பணம் ஒரு அரண்மனையிலிருந்துதான் வந்தது. சாகுவும் கத்தார் ஷேக்கும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. சாகு சாதியை எதிர்த்து நின்றவர். இதழ் அம்பேத்கரின் கையில் இருந்தது. நான் சொல்வது இதுதான்: காசு எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேட்கணும். ஆனால் அந்த ஒரு கேள்வியோடு விசாரணை முடிந்துவிடாது. எழுதியது யார், எங்கே நின்று எழுதினார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்றும் கேட்கணும்.

விலையைப் பார்ப்போம்.

2001 நவம்பர் 13 அன்று காபூலில் இருந்த அல் ஜசீரா அலுவலகத்தின்மீது அமெரிக்கக் குண்டு விழுந்தது. உள்ளே ஆட்கள் இல்லாததால் உயிர்கள் தப்பின. அடுத்த மாதமே சாமி அல் ஹாஜ் என்ற சூடான் நாட்டு ஒளிப்பதிவாளரை ஆப்கானிஸ்தான் எல்லையில் பாகிஸ்தான்காரர்கள் பிடித்து அமெரிக்கர்களிடம் ஒப்படைத்தார்கள். 2002 சூனில் குவாண்டனாமோ. அங்கே அவருக்குப் பெயர் கிடையாது, 345 என்ற எண்தான். பயங்கரவாதி என்று சொல்லிவிட்டு, விசாரணையில் அல் ஜசீராவைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்று அவருடைய வழக்கறிஞர் சொன்னார். ஒரு குற்றச்சாட்டுகூடப் பதிவு செய்யவில்லை. 2007 சனவரியில் உண்ணாவிரதம் தொடங்கினார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவைத் திணித்தார்கள். 2008 மே மாதம் கார்ட்டூமில் விமானத்திலிருந்து அவரை ஸ்ட்ரெச்சரில்தான் இறக்கினார்கள். கைக்குழந்தையாக விட்டுப்போன மகன் பள்ளிக்கூடம் போகிற வயசுக்கு வந்திருந்தான்.

2003இல் ஈராக் போர். பிப்ரவரியிலேயே அல் ஜசீரா நிர்வாகம், பாக்தாத் அலுவலகம் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று துல்லியமான அளவுகளோடு அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குக் கடிதம் எழுதியது. 'எங்களைத் தாக்கிவிடாதீர்கள்' என்பதற்காகக் கொடுத்த முகவரி. ஏப்ரல் 8 காலையில் அந்த முகவரிமீதே தாக்குதல் நடந்தது. நேரலைக்காக மாடியில் நின்றிருந்த தாரிக் அய்யூப் இறந்தார். அந்த இடத்திலிருந்து தங்களைச் சுட்டார்கள் என்றது அமெரிக்கா. அதே நாளில் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தங்கியிருந்த பாலஸ்தீன் ஓட்டல்மீது அமெரிக்க டாங்கி சுட்டதில் ராய்ட்டர்ஸின் தாராஸ் புரோட்சியூக், ஸ்பெயின் ஒளிப்பதிவாளர் ஹோசே கௌசோ இருவரும் இறந்தார்கள். கௌசோ குடும்பம் ஸ்பெயின் நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் போராடியது. மூன்று சாவுக்கும் சேர்த்து ஒரு சிப்பாய்கூடத் தண்டிக்கப்படவில்லை.

அமெரிக்கா மட்டும் என்று நினைக்காதீர்கள். எகிப்தில் 2013 டிசம்பரில் பீட்டர் கிரெஸ்டே, முகமது ஃபாமி, பாஹர் முகமது மூவரையும் கைது செய்து 7 ஆண்டு, 10 ஆண்டு என்று தண்டனை கொடுத்தார்கள். உலகம் முழுக்கக் குரல் எழுந்தது. 2015இல் வெளியே வந்தார்கள். ஆனால் மஹ்மூத் ஹுசைன் என்ற எகிப்தியச் செய்தியாளரைப் பாருங்கள். 2016 டிசம்பரில் விடுமுறைக்குக் குடும்பத்தைப் பார்க்கப் போனவரைப் பிடித்தார்கள். வழக்கு விசாரணையே இல்லாமல் நான்கு ஆண்டுக்கு மேல், 2021 பிப்ரவரிவரை சிறை. 2017இல் சவூதி, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரை முற்றுகையிட்டபோது வைத்த 13 கோரிக்கைகளில் ஒன்று, அல் ஜசீராவை மூடு என்பது.

இனி பாலஸ்தீனம். 2021 மே 15 அன்று காசாவில் அல் ஜசீராவும் அசோசியேட்டட் பிரஸ்ஸும் இருந்த 11 மாடிக் கட்டடத்தை ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்துவிட்டு இஸ்ரேல் தரைமட்டமாக்கியது. 2022 மே 11 அன்று ஜெனின் அகதி முகாமில் ஷிரீன் அபு அக்லே சுட்டுக் கொல்லப்பட்டார். 1997லிருந்து அல் ஜசீராவில் செய்தி சொல்லி வந்தவர். இருபத்தைந்து வருசமாக அரபு வீடுகளில் தெரிந்த முகம், தெரிந்த குரல். தலையில் ஹெல்மெட், உடம்பில் பத்திரிகையாளர் என்று எழுதிய கவச உடை. முதலில் பாலஸ்தீனர்களின் குண்டாக இருக்கலாம் என்றார்கள். பல ஊடகங்களும் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் தனித்தனியாக ஆராய்ந்து இஸ்ரேல் படையின் குண்டுதான் என்றார்கள். செப்டம்பரில் இஸ்ரேல் இராணுவமே, எங்கள் குண்டு தவறுதலாகப் பட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லி, குற்ற விசாரணை இல்லை என்று முடித்துக்கொண்டது. அவருடைய சவ ஊர்வலத்தில் சவப்பெட்டியைத் தூக்கி வந்தவர்களைப் போலீஸ் தடியால் அடித்தது. பெட்டி கீழே சாய்ந்தது. செத்த பிறகும் கௌரவமாகப் போகவிடாத காட்சி நமக்குப் புதிதல்ல.

2023 அக்டோபருக்குப் பிறகு காசாவுக்குள் வெளிநாட்டுச் செய்தியாளர்களைச் சுதந்திரமாகப் போக இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. இராணுவத்தின் கூடவே போய், இராணுவம் காட்டுவதைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். ஆக உலகத்துக்கு மிஞ்சிய கண், அங்கேயே பிறந்து வளர்ந்த செய்தியாளர்கள்தான். குண்டு விழுகிற வீடும் அவர்கள் வீடு, பட்டினி கிடப்பதும் அவர்கள் பிள்ளைகள், படம் எடுப்பதும் அவர்கள்.

வாயெல் தஹ்தூ காசா அலுவலகத்தின் தலைமைச் செய்தியாளர். 2023 அக்டோபர் 25 அன்று அவருடைய மனைவி, மகன், மகள், பேரக்குழந்தை கொல்லப்பட்டார்கள். தெற்கே போனால் பாதுகாப்பு என்று இராணுவம் சொன்ன பகுதியில்தான் அவர்கள் தங்கியிருந்தார்கள். அடக்கம் செய்துவிட்டு மறுபடி மைக்கைப் பிடித்தார். டிசம்பர் 15 அன்று கான் யூனிஸில் அவரோடு போன ஒளிப்பதிவாளர் சாமர் அபு தக்கா காயம்பட்டு, ஆம்புலன்ஸ் வந்து சேர முடியாமல் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ரத்தம் கொட்டிச் செத்தார். 2024 சனவரி 7 அன்று வாயெலின் மூத்த மகன் ஹம்சாவும் கொல்லப்பட்டார். அவரும் செய்தியாளர்.

இப்போது பெயர் வைக்கிற விசயத்துக்கு வருகிறேன்.

2024 சூலை 31 அன்று ஷாத்தி அகதி முகாமில் காரில் போய்க்கொண்டிருந்த இஸ்மாயில் அல் கூல், ஒளிப்பதிவாளர் ராமி அல் ரீஃபி இருவரையும் கொன்றார்கள். அடுத்த நாள், இஸ்மாயில் ஹமாஸ் படைக்காரர் என்றது இஸ்ரேல். ஆதாரம் என்று ஒரு பட்டியலை வெளியிட்டது. அதன்படி அவர் 2007இல் படைப் பதவி பெற்றவர். அவர் பிறந்ததோ 1997. பத்து வயசுப் பையனுக்குப் பதவி! அதோடு, அதே 2024 மார்ச் மாதம் ஷிஃபா மருத்துவமனையில் அவரைப் பிடித்து ஏறத்தாழ 12 மணி நேரம் வைத்திருந்துவிட்டு விடுதலை செய்தது இதே இராணுவம்தான். கையில் இருந்தபோது பயங்கரவாதி இல்லை, செத்த பிறகு பயங்கரவாதி.

இஸ்மாயிலுக்குச் செத்த பிறகு பெயர் வைத்தார்கள். அடுத்து, சாவதற்கு முன்பே பெயர் வைக்கத் தொடங்கினார்கள். 2024 அக்டோபரில் அல் ஜசீராவின் ஆறு காசா செய்தியாளர்கள் ஆயுதக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் என்று இஸ்ரேல் இராணுவம் பட்டியல் போட்டது. அவர்கள் மறுத்தார்கள், சேனலும் மறுத்தது. பட்டியலில் இருந்த ஹொஸ்ஸாம் ஷபாத் 2025 மார்ச் 24 அன்று கொல்லப்பட்டார். அதே பட்டியலில் இன்னொருவர் அனஸ் அல் ஷரீஃப். ஜபாலியா அகதி முகாமில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் 2023 டிசம்பரில் வீட்டின்மீது விழுந்த குண்டில் செத்துப்போனார். 2025 சூலையில் காசாவின் பட்டினியைப் படம்பிடித்து அனஸ் கேமரா முன்னால் அழுதார். உடனே இராணுவப் பேச்சாளர் மறுபடியும் அவரைப் பெயர் சொல்லித் தாக்கினார். இது கொலைக்கான முன்னேற்பாடு என்று பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. கருத்துரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளரும் எச்சரித்தார். ஆகஸ்ட் 10 இரவு ஷிஃபா மருத்துவமனை வாசலில் செய்தியாளர்கள் தங்கியிருந்த கூடாரத்தைத் தாக்கி அனஸையும், சக செய்தியாளர் முகமது கிரைக்கேயையும், கூட இருந்த மற்றச் செய்தியாளர்களையும் கொன்றார்கள். அனஸுக்கு 28 வயசு. அவருக்கும் அல் ஜசீராவுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. கொன்றதை இஸ்ரேல் மறைக்கவில்லை. ஹமாஸ் குழுத் தலைவனைக் கொன்றோம் என்று அறிவித்தது. அன்று அது பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியது அனஸ் ஒருவரைத்தான். பக்கத்தில் படுத்திருந்தவர்களுக்கு ஒரு குற்றச்சாட்டுகூடத் தேவைப்படவில்லை. சாவு வரும் என்று தெரிந்து, ஏப்ரல் மாதமே அனஸ் தன் மரண சாசனத்தை எழுதி வைத்திருந்தார்.

தோழர்களே, இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் பெயர். பிறகு அந்தப் பெயரை உலகப் பத்திரிகைகள் 'குற்றம் சாட்டப்பட்ட' என்ற ஒரு சொல்லோடு திரும்பத் திரும்பப் போடுகின்றன. பிறகு குண்டு. குண்டு விழுகிறபோது படிக்கிறவன் மனசில் 'எதாவது இருந்திருக்கும்' என்ற எண்ணம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. சேரியில் ஒரு பிணம் விழுந்தால் முதலில் வருவது போலீஸ் கொடுக்கிற குறிப்பு. அதில் செத்தவன் பெயருக்கு முன்னால் 'ரவுடி' என்றோ 'சமூக விரோதி' என்றோ ஒரு சொல் இருக்கும். அடுத்த நாள் பேப்பரில் அதுவே செய்தி. இந்தத் தந்திரம் நமக்கு நல்லாவே தெரியும். அதனால்தான் இந்தக் கூட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது? ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறை, 79ஆம் பிரிவு: போர்க்களத்தில் பணியாற்றும் செய்தியாளர் குடிமகன், குடிமக்களுக்கான பாதுகாப்பு அவருக்கும் உண்டு. ஐ.நா. பாதுகாப்பு அவை 2006லும் 2015லும் இதற்காகவே தீர்மானம் போட்டது. ஒரு அரசின் பணத்தில் நடக்கும் சேனலில் வேலை செய்கிறார் என்பது அந்தப் பாதுகாப்பைப் பறிக்காது. பி.பி.சி.க்கும் அரசு ஏற்பாட்டில்தான் பணம் போகிறது. அதற்காக அதன் செய்தியாளரைக் கொல்லலாம் என்று யாராவது சொல்வார்களா? ஷேக் காசு என்ற வாதம் அரபுச் செய்தியாளர் செத்தால் மட்டும் ஏன் ஞாபகத்துக்கு வருகிறது?

2025 ஆகஸ்டில் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவின் கணக்கில், இந்தப் போரில் கொல்லப்பட்ட செய்தியாளர்கள் 180 பேருக்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பாலஸ்தீனர்கள். அதே மாதம் 25ஆம் தேதி நாசர் மருத்துவமனைத் தாக்குதலில் அல் ஜசீராவின் முகமது சலாமா உட்பட இன்னும் ஐந்து பேர். இன்னொரு பக்கம், 2024 மேயில் இஸ்ரேல் அல் ஜசீராவைத் தன் நாட்டில் தடை செய்தது. செப்டம்பரில் ரமல்லா அலுவலகத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து மூடியது. 2025 சனவரியில் பாலஸ்தீன அதிகார சபையும் தன் பங்குக்கு அதை நிறுத்திவைத்தது. சில மாதம் கழித்துத்தான் விட்டது. ஒடுக்கப்பட்ட சனங்களின் பெயரால் ஆள்கிறவர்களுக்கும் கேமராமீது பயம் இருக்கிறது.

நாம் என்ன செய்ய முடியும் என்று மாணவர்கள் கேட்கலாம். மூன்று விசயம் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, நம்ம இதழ்களிலும் துண்டறிக்கைகளிலும் இந்தச் செய்தியாளர்களைப் பற்றி எழுதும்போது, கொன்றவன் வைத்த பெயரைச் சோதிக்காமல் எடுத்துப் போடக் கூடாது. அவர்கள் என்ன செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது செத்தார்கள் என்பதை முதலில் எழுதணும். இரண்டு, காசாவின் அனஸைப் பற்றிப் பேசுகிற அதே வாயால், கத்தாரில் எழுதியதற்காகச் சிறைக்குப் போன காவலாளி பிடாலியைப் பற்றியும் பேசணும். அவரை விட்டுவிட்டால் நாம் ஷேக்குக்குத்தான் வேலை செய்தவர்களாவோம். மூன்று, வெளிநாட்டுச் செய்தி என்றால் லண்டன், நியூயார்க் வழியாகத்தான் வரணும் என்கிற பழக்கத்தை விடணும். நம்மில் இரண்டு மூன்று பேராவது அரபு படிக்கலாம். வளைகுடாவில் பத்து வருசம் வேலை செய்து பேச்சு அரபு தெரிந்த ஆட்கள் நம்ம தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.

கேள்வி கேட்ட தோழருக்கு நான் சொன்னது போதுமா தெரியவில்லை. இனி விவாதத்தில் அவரே முதலில் பேசட்டும்.